பச்சை குத்திய கை

செவந்தியின் கன்னத்துக்குள் வளர்ந்திருந்த புற்றுநோய்க் கட்டியை மறுநாள் எடுக்கப் போகிறார்கள். எடுத்த இடத்தில் அவளுடைய முன்கைத் தோலை வைத்துத் தைக்க வேண்டும். இடது கையில் ஏதோ பெயர் பச்சை குத்தியிருப்பதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். செவந்தி கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"கையில எடுத்தா பேரு போயிரும்மா. தொடையிலேருந்து எடுத்துக்கிறேன்," என்றார் டாக்டர் ஹரிணி.

"வேணாங்க. பேரு இருக்குற தோலையே எடுங்க."

பக்கத்தில் நின்ற கணவர் ரெங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். ஹரிணிக்குச் சங்கடமாகிவிட்டது. அவரை வெளியே அனுப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுக்காரர் மேல கோவமாம்மா?"

"இது அவரு பேரு இல்லைங்க." செவந்தி கையை நீட்டினாள். 'இலக்கியா' என்று இருந்தது.

"எங்க மக. போன வருசம் காய்ச்சல்ல போயிட்டா. பேரக் கேட்டாலே அவரு ஒடஞ்சு போறாருன்னு நான் வாயைத் தொறந்து சொல்றதே இல்ல. வாய்க்குள்ளயாவது இருக்கட்டுங்க."

ஹரிணி பேனாவை எடுத்து, ஓர் எழுத்தும் வெட்டுப்படாதபடி அந்தப் பெயரைச் சுற்றிக் கோடு போட்டார்.