சுவரில் விழுந்த நான்கு எழுத்துகள்

"முடியாதுக்கா. அவரே வேண்டாம்னு சொல்லும்போது நான் எப்படிச் சம்மதிக்கிறது?"

கல்யாணத் தரகு பார்க்கும் பௌ, வாயில் போட்ட உலர்ந்த இலந்தையை மெல்லாமல் நிறுத்தினாள். "எவர் சொன்னார்?"

"என் வீட்டுக்காரர்தான்."

யின்னின் வீட்டுக்காரர் மாவ் இறந்து, துக்க காலமும் முடிந்துவிட்டது. லின்ஸி நகரில் அந்தத் தெரு முழுக்க அவரை அடக்கம் செய்யப் போய், தினைக் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பியது. பௌ மட்டும் மூன்று கிண்ணம் குடித்தாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

"செத்தவர் எப்படிடி சொல்லுவார்?"

"கொஞ்ச நாளா தினமும் காலையில இந்தச் சுவத்துல எழுதுறார். இருங்க, வர்ற நேரம்தான்."

வெயில் ஏறியது. ஜன்னல் வழியாக வட்டமாக ஒரு வெளிச்சம் வந்து, வெள்ளைச் சுவரில் உட்கார்ந்தது. நடுவில் ஒரு குமிழ். அதைச் சுற்றி நான்கு எழுத்துகள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா. ஆனா இந்த நாலு எழுத்து மட்டும் அத்துப்படி. அவர் நெஞ்சு மேல வெச்சுப் புதைச்சோமே முகம் பாக்குற வெண்கலக் கண்ணாடி, அதோட முதுகுல இதேதான் இருந்துச்சு. 'நெடுநாள் மறவாதே'!"

"இந்த நாலு எழுத்து இல்லாத கண்ணாடி லின்ஸி சந்தையில எதுடி?"

"அதெல்லாம் கண்ணாடியில. இது வெறும் சுவர்! தடவிப் பாருங்க."

பௌ தடவிப் பார்த்தாள். எழுத்துகள் அவள் புறங்கை மேல் ஏறிக்கொண்டன. சுட்டுவிட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"உயிரோட இருந்தப்போ அந்த மனுஷனுக்கு ஞாபகம்ங்கிறதே கிடையாதே! உன்னைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய் அங்கேயே விட்டுட்டு வந்தவர்தானே?"

"ரெண்டு தடவை." யின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படிப்பட்டவரே செத்த பிறகும் என்னை மறக்கலைன்னா, நான் மறக்கலாமா?"

சுவரடியில் ஒரு மது ஜாடி இருந்தது. பக்கத்தில் மாவுக்காக ஊற்றி வைத்த கோப்பை. ஜாடியின் வயிற்றில், எதிர் மதுக்கடைக்காரர் கெங்கின் சிவப்பு முத்திரை பளிச்சென்று தெரிந்தது. பௌ பேசி முடிக்கப் பார்க்கும் மாப்பிள்ளை அந்த கெங்தான்.

"அடிப்பாவி! செத்தவருக்கு ஊத்துறதுக்கு மாப்பிள்ளை கடையிலயா வாங்குறே?"

"அங்கதான் தண்ணி கலக்காம இருக்கு."

"தண்ணி கிடக்கட்டும். அவனைப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

"பிடிக்காமலா தினமும் இவ்வளவு நேரம் தலை வாரிக்கிட்டுப் போய் ஒரு ஜாடி வாங்குறேன்?" என்று சொல்லிவிட்டு, சுவருக்குக் கேட்டுவிட்டதோ என்று யின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்போ சரின்னு சொல்லு. நிச்சயத்துக்குப் பொண்ணு வீட்டுல கொடுக்கணும்னு அவன் வாங்கி வெச்ச காட்டு வாத்து, கடைக்கு வர்றவங்களை எல்லாம் கடிக்குது. இன்னைக்குப் பதில் இல்லேன்னா வாத்தைப் பறக்க விட்டுட்டு, கடையைப் பூட்டிட்டு அண்ணன் ஊருக்கே போயிடுவானாம்."

யின் ஜன்னலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு சுவருக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள்.

"நீங்களே சொல்லுங்க. கெங்கைக் கட்டிக்கலாமா, கூடாதா?"

வெளிச்சம் அசையவில்லை.

திடீரென்று எழுத்துகள் கிடுகிடுவென்று நடுங்கின. வட்டம் துள்ளிக் கூரைக்குத் தாவியது, சுவரில் சறுக்கி இறங்கியது, நேராக ஜாடியின் சிவப்பு முத்திரை மேல் வந்து நின்றது.

"அக்கா!" யின் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாத்தீங்களா? தோள் குலுங்கக் குலுங்க இப்படித்தான் சிரிப்பார். சிரிச்சுட்டு, கெங்கைக் கைகாட்டிட்டார்!"

"இதுக்கு மேல என்னடி வேணும்? நாளைக்கே வாத்து வந்துடும்."

பௌ சுவரைக் கும்பிட்டாள். வீணாகப் போகவேண்டாமே என்று மாவின் கோப்பையையும் காலி செய்துவிட்டு, தெருவைக் கடந்து ஓடினாள். கடையில் கெங் இல்லை. வாத்துதான் இருந்தது. அதனிடம் ஒரு கடி வாங்கிக்கொண்டு மச்சுப்படி ஏறினாள்.

மேலே, யின் வீட்டைப் பார்த்த ஜன்னலோரத்தில் கெங் நின்றிருந்தார். பௌவைக் கண்டதும் எதையோ சட்டென்று கைக்குள் மறைத்தார். அப்படி மறைத்ததை வாங்கிப் பார்க்காவிட்டால் அவள் பௌவே அல்ல.

வெண்கலக் கண்ணாடி. முதுகில் ஒரு குமிழ், சுற்றிலும் நான்கு எழுத்துகள். முகம் பார்க்கும் பக்கம் எழுத்தே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. அதை வெயிலில் பிடித்தாள். முதுகில் இருந்த எழுத்துகள் அப்படியே எதிர்ச் சுவரில் போய் விழுந்தன.

"வார்ப்புல ஆயிரத்துல ஒண்ணுதான் இப்படி அமையுமாம்க்கா," என்றார் கெங், காது சிவக்க. "என்னை மறந்துடாதீங்கன்னு நேர்ல சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் தினமும் இதை வெச்சுச் சொன்னேன். சொன்ன கொஞ்ச நேரத்துல அவங்களும் ஒரு ஜாடி வாங்க வந்துடுவாங்க. இன்னைக்குத்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"எதைத் தம்பி கெடுத்தே?"

"அந்தப் பாழாப்போன வாத்தோட இறகு மூக்குல ஏறி, பெருசா ஒரு தும்மல் வந்துடுச்சுக்கா!"