கார் போகாத ஊர்

கார் போகாத ஊராகப் பார்த்துக் கல்யாணத்தை வைத்துவிட்டாள் கெல்சி. மாப்பிள்ளை கியோனி ஹவாய்த் தீவுக்காரன். அவன் வீட்டுக்கும் இவர்கள் இருக்கும் ஓரிகன் மாநிலத்துக்கும் நடுவில் பெருங்கடல். விமானம் என்றாலே தலையை ஆட்டி மறுக்கிற அப்பா டெல்மரை எப்படி ஏற்றுவது என்பதற்குத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை.

அப்பா கைபிடித்து அழைத்துவராத கல்யாணம் அவளுக்கு வேண்டாம். தம்பி ட்ராவிஸோடு சேர்ந்து திட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை முதலில் அருவி. பிறகு விமான அருங்காட்சியகம். நிற்கிற விமானத்தில் ஒரு தடவை உட்காரவைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சாரல் தெறிக்கும் என்று அம்மா ரோவெனா, முழங்கால்வரை இழுத்து மாட்டுகிற ரப்பர் பூட்ஸோடு காரில் ஏறினாள்.

"மீன் பிடிக்கவாம்மா போறோம்?" என்றான் வண்டி ஓட்டிய ட்ராவிஸ்.

நெடுஞ்சாலையில் டெல்மர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். "கையைத் தட்டையா வச்சா சும்மா இருக்கு. முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினேன் பாரு, தானா மேல போகுது. நாம காத்தைக் கீழ தள்றோம், அது நம்மள மேல தள்ளுது. பிளேன் பறக்கறது இவ்வளவுதான்."

"தண்ணியில இறங்காமலே நீச்சல் சொல்லித் தர்றீங்கப்பா. பிளேன் வேண்டாம்னு அலாஸ்காவுக்கே கனடா முழுக்கக் கார் ஓட்டிப் போன ஆளு!" என்றான் ட்ராவிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது ரோவெனா.

அருவி இரண்டு தட்டாக விழுந்தது. நடுவே, பள்ளத்துக்குக் குறுக்காக ஒரு நடைபாலம். டெல்மர் முதல் ஆளாகப் போய்ப் பாதிப் பாலத்தில் நின்றார். விழுகிற தண்ணீருக்குள் காற்று புகுந்துகொள்வதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது என்று விளக்க ஆரம்பித்தார்.

ரோவெனா பாலத்தின் தொடக்கத்திலேயே குனிந்துவிட்டாள். "நீங்க போங்க, பூட்ஸ் கயிறு அவிழ்ந்துடுச்சு. கட்டிட்டு வரேன்."

டெல்மர் திரும்பிப் பார்த்தார். "ஐயோ, எனக்குத் தலை சுத்துது," என்று விளக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். "வா ரோ, கீழ போய் ஐஸ்கிரீம் சாப்பிடலாம்."

"பயந்தாங்கொள்ளி!" என்று ட்ராவிஸ் பாலத்திலிருந்து கத்தினான். கெல்சி சிரிக்கவில்லை. பாலத்துக்கே இப்படி என்றால் ஹவாய்க்கு எப்படி?

அருங்காட்சியகத்தில் பழைய பயணிகள் விமானம் ஒன்று, வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்க வாசலுக்குச் சின்னதாக ஒரு படிக்கட்டு. கெல்சி இழுக்கவும் ட்ராவிஸ் தள்ளவும் தயாரானார்கள். அதற்குள் டெல்மர் படியேறிப் போய் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள நடக்கறதே மேடு ஏறுற மாதிரி இல்ல? எஞ்சின் விசிறி பெருசு, தரையில இடிச்சிடக் கூடாதே. அதான் மூக்கைத் தூக்கி வச்சிருக்கான்." குழந்தை மாதிரி இருக்கையைத் தட்டிப் பார்த்தார்.

"அப்பா, உங்க மூஞ்சியில பயமே இல்லையே!" என்றாள் பின்னாலேயே ஏறிவந்த கெல்சி.

டெல்மரின் சிரிப்பு நின்றது. "இது நிக்கிற பிளேன்டா கண்ணு. பறக்கறதுன்னா நான் வரமாட்டேன்." சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை; ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

கெல்சியும் எட்டிப் பார்த்தாள். படிக்கட்டின் அடியில் அம்மா ஒரு கையால் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி குனிந்திருந்தாள். "நீங்க பாருங்க, எனக்குக் கயிறு அவிழ்ந்துடுச்சு!"

கெல்சி அந்த ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். அதில் கயிறே கிடையாது.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

கெல்சி இறங்கிப் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. இதெல்லாம் தெரியாத ட்ராவிஸ் மேலிருந்து கத்தினான். "அப்பாவுக்கு வேர்க்குது! யாராவது தண்ணி தெளிங்க!"

"ஐயோ, என்னை இறக்கி விடுங்களேன்டா!" என்று டெல்மர் இன்னும் பெரிதாகக் கத்தினார்.

ரோவெனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கெல்சியின் கையை விடாமல் சிரித்துக்கொண்டே ஒரு படி ஏறினாள், இன்னொரு படி, அப்புறம் வாசல். உள்ளே வந்து நின்ற பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள்.

மகளின் காதருகே குனிந்தாள்.

"ஹவாய் போய்ச் சேர்ற வரைக்கும் உங்கப்பாவை இப்படியே கிண்டல் பண்ணிட்டு வாங்க, எனக்கு என் பயம் மறந்துடும்."