அணைந்த திரிக்கு ஒரு விதி

லீலாவதிக்குப் பீரங்கி வேண்டும்.

எட்டு ஞாயிற்றுக்கிழமைகளாக அவளுடைய ராணி அரக்கன் கோட்டைக்கு வெளியே நிற்கிறாள். ஏணிகள் எரிந்துவிட்டன. பறக்கும் குதிரை இறக்கை ஒடிந்து கிடக்கிறது. மந்திரவாதியின் சாபத்தில் பாதிப் படை கல்லாகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கக்கா. எத்தனை நாளைக்குத்தான் வில்ல வச்சே மல்லுக்கட்டறது?"

ஜெயலட்சுமி நோட்டைப் புரட்டினாள். முகிலங்காடு என்ற அந்த நாட்டில் இதுவரை வில், வேல், மந்திரம், அவ்வளவுதான். நாலு காலண்டர்த் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் மலையும் ஆறும் வரைந்து, சோழி உருட்டி விளையாட விதி எழுதியவர் அவள் கணவர் பாலசுந்தரம். அவர் போன பிறகு நோட்டு அவளிடம் வந்தது. வாரம் ஆறு நாள் செந்துறையில் லீலாவதி போன்றவர்களுக்கு டைப் சொல்லிக்கொடுப்பாள். ஏழாம் நாள் மத்தியானம் முகிலங்காட்டை நடத்துவாள்.

வெடிமருந்தை உள்ளே விட அவளுக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. மந்திரவாதி பன்னிரண்டு வருஷம் தவமிருந்து கற்றதை, மூன்று நாள் பழகிய சிப்பாய் ஒருவன் ஒரே குண்டில் முடித்துவிடுவான். பிறகு சாபத்துக்கு யார் பயப்படுவார்கள்?

"நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் ஜெயலட்சுமி.

வைரக்கண்ணு நிமிர்ந்தார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேட்டு வைக்கிறவர். பாலசுந்தரத்தோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். குவாரியில் கிடைத்த சுருள் கல் ஒன்றுதான் அவருடைய காய். முகிலங்காட்டில் அவர் ஓடக்காரர். யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. எல்லாருடைய படையையும் அக்கரை சேர்ப்பார்.

அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள்.

மழை பெய்தால் மருந்து மண்ணுக்குச் சமம். ஒரு தடவை சுட்டால், மறுபடி மருந்து கெட்டிக்க இரண்டு சுற்று. மருந்து மூட்டைக்குப் பக்கத்தில் யாரும் தீ மந்திரம் சொல்லக்கூடாது.

லீலாவதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"திரி எரிஞ்சு உள்ள போயிடுச்சு, ஆனா வெடிக்கல. அப்ப அரை மணி நேரம் ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது," என்றார் வைரக்கண்ணு.

ஒரு சுற்று என்பது முகிலங்காட்டில் ஐந்து நிமிஷம். அரை மணி என்றால் ஆறு சுற்று.

"ஆறு சுத்தா? அதுக்குள்ள அரக்கன் வந்து என் ராணியத் தின்னுட்டுப் போயிடுவான்!"

"சரி, ரெண்டு சுத்து," என்று எழுதத் தொடங்கினாள் ஜெயலட்சுமி.

வைரக்கண்ணு தன் காயை ஆற்றிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் ஆடல தங்கச்சி."

இத்தனை ஞாயிறுகளில் அவர் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. லீலாவதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ போட அடுப்படிக்குப் போனாள்.

"வெளையாட்டுதானேண்ணே," என்றாள் ஜெயலட்சுமி.

அவர் முகிலங்காட்டு வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்றில் மலைகளின் ஓரம் படபடத்தது.

"அன்னிக்கு ஒரு குழி வெடிக்கல. லாரி காத்துக்கிட்டு நிக்குதுன்னு பதினோரு நிமிஷத்துலயே, எறங்கலாம்னு நான் விசில் ஊதிட்டேன். ஊதின பொறவுதான் பாலு எறங்கினான்."

ஜெயலட்சுமியின் பேனா அப்படியே நின்றது.

விசிலுக்குக் காத்திருக்காமல் பாலசுந்தரம் தானாகவே இறங்கிப்போய்ச் செத்தார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் வைரக்கண்ணுவும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அவள் எதிரில் நின்று அவளிடமும் சொன்னார்.

அடுப்படியிலிருந்து டீ கொதிக்கும் வாசனை வந்தது. வைரக்கண்ணு எழுந்திருக்கவில்லை. அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வதற்கென்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஜெயலட்சுமி 'இரண்டு' என்று பாதி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஆறு என்று எழுதினாள். அதற்கு மேலே, பழைய விதிகள் பாலசுந்தரத்தின் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. ஒரு எழுத்துகூடக் கோணாத, பொறுமையான கையெழுத்து.

நாலு வருஷமாகப் படுக்கப் போகும்போதெல்லாம் மனசுக்குள் அந்த மனிதரிடம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறாள். அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

அவர் அவசரப்படவே இல்லை.