வாய் மூடிய படம்

இன்று நான் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

ஓவியக் கண்காட்சிக் கூடம் நிறைய ஆட்கள். சுவர் நிறைய என் வீட்டுக்காரர் வரைந்த முகங்கள். வாசலுக்கு நேர் எதிரே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, என் முகம்.

நான் தூணோரமாக, கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறேன். போட்டிருப்பது நாத்தனாரின் சாம்பல் நிற உடை. என் பச்சை உடையை மாட்டிக்கொண்டு அவள் எதிர்ப்பக்கம் நிற்கிறாள். வளையல்களையும் அவளிடமே கழற்றிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சத்தம் ஒன்று போதும், அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இது விளையாட்டு இல்லை. ஒரு பெரிய சுவரில் முகம் வரையப் போய், சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு யார் முகமும் பிடிபடுவதில்லை. கண் தெரியும், மூக்கு தெரியும். எல்லாம் சேர்ந்தால் அது யார் என்பது மட்டும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், என் வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். நான் ஓவென்று அழுத பிறகுதான் ஆள் யாரென்று அவருக்குப் புரிந்தது.

முகம் வரைந்தே பேர் வாங்கிய மனுஷன். அதற்கப்புறம் தூரிகையைத் தொடவில்லை. கண்ணாடியில் தெரியும் தன்னையே யாரோ போலப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருநாள் நானே நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தேன். வரைந்தால்தான் எழுந்திருப்பேன், அடுப்படி பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பசிக்குப் பயந்தோ என்னவோ, பென்சிலை எடுத்தார்.

கட்டம் போட்டு வரைகிறவர்களைக் கத்துக்குட்டிகள் என்று கேலி செய்தவர், கட்டம் போட்டார். ஒரு கட்டத்துக்குள் என் காது. அடுத்ததில் புருவம். இன்னொன்றில் தாடையில் இருக்கிற தழும்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி என் முகத்தைப் படித்தார். நாளாக நாளாக ஒழுங்காகச் சாப்பிட்டார், தூங்கினார், என்னோடு சண்டைகூடப் போட்டார்.

பிறகு மற்றவர்களையும் உட்காரவைத்து வரைந்தார். கீழ்வீட்டுத் தையற்காரர், பேருந்து ஓட்டுகிற பெண், என்னைப் பார்த்து சிஸ்டர் என்று நினைத்தாரே, அந்த ஆஸ்பத்திரியின் நிஜ சிஸ்டர். அடேயப்பா, ஒவ்வொன்றும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் போல இருக்கிறது. என் வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி.

ஒரே ஒரு குறை. என் படத்தில் வாய் இறுக மூடியிருக்கிறது. வரையும்போதும் மூச்சுக் காட்டக் கூடாது என்று உத்தரவு. "படத்துலயாச்சும் அண்ணன் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும், அண்ணி" என்று நாத்தனார் வேறு சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் முகம் இப்போது தெரிகிறதா என்று கேட்டால், தெரிகிறது என்கிறார். கேட்கிற குரலே காட்டிக்கொடுத்துவிடுமே, எதை நம்புவது? அதனால்தான் இந்த வேஷம்.

பக்கத்தில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் என் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "பாவம், அதிர்ந்துகூடப் பேசமாட்டாங்க போல" என்று தன்பாட்டில் சொல்லிக்கொள்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார்.

சுற்றிலும் பார்க்கிறார். நேராகப் பச்சை உடையை நோக்கி நடக்கிறார். அவ்வளவுதான், துணியைத்தான் தெரிகிறது, என்னைத் தெரியவில்லை.

நாத்தனாரின் முன்னால் போய் நிற்கிறார். அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறார். பிறகு அவளைத் தாண்டிவிடுகிறார்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்முன் நிற்கிறார். காதைப் பார்க்கிறார். புருவத்தைப் பார்க்கிறார். தாடைக்கு வருகிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"யார் துணிடி இது? உனக்கு எடுப்பாவே இல்லையே" என்கிறார்.

என் கண்ணில் பொலபொலவென்று கொட்டுகிறது. ஆனாலும் வாயில் வருவது சண்டைதான். "அப்புறம் எதுக்குப் படத்துல என் வாயை மூடி வச்சீங்க?"

"நீ பேசினா கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன். கோவிச்சுக்கிட்டு பேசாம உக்காந்திருப்பியே, அன்னிக்கும் உன்னைத் தெரியணும்ல."

நான் வழுக்கைத்தலைக்காரரின் தோளைத் தட்டி, படத்தைக் காட்டுகிறேன்.

"அது நான்தாங்க" என்கிறேன், கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி.