பழைய பிரிண்டர்

மாமனார் கையிலிருந்த பேப்பர் பேருக்குத்தான். அவருடைய வேலை மருமகளைக் காவல் காப்பது. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், கதவை மறித்து நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

மகன் போட்ட உத்தரவு அது. வாசல் கேட்டின் சாவிகூட அவனிடம்தான். அவளுடைய சர்டிபிகேட்டுகளையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். முன்பே ஸ்கேன் எடுத்த நகல்கள் மட்டும் 'முக்கியம்' என்ற ஃபோல்டரில் தப்பிக் கிடந்தன. வெளியூர் வேலைக்கு வந்த ஆர்டரும் அதில்தான் இருந்தது. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

போன் அடித்தது. கணவன்தான்.

"கிளம்பிட்டேன். வந்து கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணணும். உன் சாமான் எல்லாத்தையும் அழிச்சிடுவேன். அப்பாகிட்ட குடு."

மாமனார் வாங்கிக்கொண்டார். "ஆமாப்பா, இங்கதான் இருக்கா. ஏதோ சமையல் குறிப்பு பாத்துக்கிட்டிருக்கா."

திரையில் அவளுடைய வேலை ஆர்டர் பெரிதாக விரிந்து கிடந்தது. கிழவருக்குக் கண்ணில் புரை விழுந்தது நல்லதாய்ப் போயிற்று என்று பெருமூச்சு விட்டாள்.

ஃபோல்டரை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? டி டிரைவில் 'பழைய பிரிண்டர்' என்று ஒரு ஃபோல்டர் கேட்பாரற்றுக் கிடந்தது. அந்தப் பிரிண்டரே காயலான் கடைக்குப் போய்விட்டது. போன முறை கணவன் அதையும் அழிக்கப் போனபோது மாமனார்தான் தடுத்தார்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்டா. எதையாவது நோண்டி வம்பை இழுத்து வைக்காத."

அன்றிலிருந்து அவனும் அதைச் சீண்டுவதில்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வெளியே பைக் சத்தம் கேட்டது. கேட் பூட்டில் சாவி திரும்பியது. அவள் அவசரமாக ஃபோல்டரை 'கட்' செய்து, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடத் திறந்து பார்க்காமல் அங்கே கொண்டுபோய் 'பேஸ்ட்' செய்தாள்.

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. 'முக்கியம் என்ற பெயரில் இங்கே ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் உள்ளது. இரண்டையும் சேர்க்கவா?'

தெரிந்துவிட்டது கணவனுக்கு. முன்கூட்டியே இங்கே பொறி வைத்துவிட்டுத்தான் போனில் பயம் காட்டியிருக்கிறான்.

நாற்காலி நகர்ந்தது. மாமனார் எழுந்து வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடிகூடப் போடாமல் அந்தக் கேள்வியை ஒரு வரி விடாமல் படித்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஹாலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. மாமனார் அவள் காதருகே குனிந்தார்.

"அது என்னோடதும்மா. கிளம்புறப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிடு."