சுடாத சிப்பாய்

“வயித்துல புள்ளைய வச்சிக்கினு இந்தத் துப்பாக்கிச் சத்தத்த கேட்டே ஆவணுமா?” என்று கேட்டான் பாஸ்கரன்.

சபீனா ஹெட்போனைக் காதில் மாட்டியபடியே நிமிர்ந்தாள். “ஒரே ஒரு மேட்ச். முடிச்சிட்டு வந்து தோசை ஊத்தறேன்.”

“தோசைக்கு இன்னா அவசரம். உன்ன பத்திதான் கேக்கறேன்.”

“சத்தத்த கொறச்சி வச்சிக்கினுதான் ஆடறேன்” என்றாள். பார்வை அதற்குள் போனுக்குத் திரும்பிவிட்டது.

அவளுக்கு அந்த விளையாட்டைப் பழக்கியதே பாஸ்கரன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனோடு வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டீம் சேர்ந்து ஆடுவார்கள். நாலு பேர் சிப்பாய்களாகி, இடிந்துபோன ஊர் ஒன்றுக்குள் புகுந்து, எதிர் டீமைத் தேடிச் சுட வேண்டும். அசல் ராணுவச் சண்டை போலவே இருக்கும். டீமுக்குள் எல்லோரோடுமோ, ஒருவரோடு மட்டுமோ மைக்கில் பேசிக்கொள்ளலாம். வேலையை விட்டுவிட்டு, மாசமாக வீட்டில் தனியே கிடக்கிறாளே, பொழுது போகட்டும் என்று அவள் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். இரண்டு நாள் ஆடினாள். தலைவலிக்கிறது என்று விட்டுவிட்டாள்.

அப்புறம் எப்படியோ இந்தக் கழுகு வந்து சேர்ந்தான்.

கழுகு என்பது விளையாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர். சாயங்காலமானால் அவனிடமிருந்து அழைப்பு வரும். சபீனா அவனோடு மட்டும்தான் ஆடுவாள்.

பாஸ்கரன் அவள் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தான். அவளுடைய சிப்பாய் மருந்துப் பையோடு ஓர் இடிந்த வீட்டின் மூலையில் உட்கார்ந்திருந்தான். அடிபட்டவர்களைத் தூக்கிவிடும் வேலை அவளுக்கு. கழுகு வாசலை மறித்துக்கொண்டு காவல் நின்றான். டீமின் மற்ற இரண்டு பேரும் வெளியே குண்டடிபட்டுத் தெருவில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பொறுக்கமாட்டாமல் எழுதி அனுப்பினான். ‘சண்டைக்கு வந்துட்டு ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ள குந்திகினு கீறீங்களே, வந்து தூக்குங்கப்பா.’

சபீனா அசையவில்லை. கழுகும் அசையவில்லை.

“போய்த் தூக்கலியா அவனுங்கள?”

“ம்” என்றாள். அது தனக்குச் சொன்னதா, கழுகுக்குச் சொன்னதா என்று பாஸ்கரனுக்குத் தெரியவில்லை. அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. கண் கலங்கியிருந்தது. தன்னிடம் அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான்.

“யாரு இந்தக் கழுகு?”

“டீம்ல ஆடறவன்.”

“எந்த ஊரு?”

“எங்கியோ பக்கத்துலதான்.”

அதற்குமேல் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவனை நம்பி, பூந்தமல்லியில் தன் ஆட்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு வந்தவள். ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போனதில்லை, அங்கிருந்தும் யாரும் வந்ததில்லை. புதிதில் ஒருமுறை, “உங்க ஊட்டு ஞாபகம் வருதா?” என்று கேட்டான். “இதான் என் ஊடு” என்றாள். அந்தப் பதிலில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. மறுபடி கேட்டதே இல்லை.

அப்படிப்பட்டவளையா சந்தேகப்படுவது என்று தன்னையே திட்டிக்கொண்டான். இருந்தாலும் அந்த ஹெட்போனை மாட்டியதும் அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் அவனுக்கு வேண்டியிருந்தது. பக்கத்திலேயே இருக்கிற பெண்டாட்டிக்காக ஒருவன் ஏங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது பாடி மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தி மாதுளை வாங்கினான். இன்று கேட்டே விடுவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கீழ் வீட்டு ராஜம்மா குரல் கொடுத்தாள்.

“சபீனா, மீன் கொழம்பு எடுத்து வச்சிகிறேன். ஆறதுக்குள்ள வந்து வாங்கிக்கினு போம்மா.”

“நான் போறேன், இரு” என்றான் பாஸ்கரன்.

“வேணாம், உன்கிட்ட குடுத்தா பாதிய நீயே தின்னுடுவன்னு சொல்லும். நானே போறேன்.” ஹெட்போனைக் கழற்றிப் போனோடு கட்டிலில் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள்.

பாஸ்கரன் கட்டிலில் உட்கார்ந்தான். திரையில் அதே மாதிரி ஓர் இடிந்த வீடு. அதே மூலை. வாசலில் கழுகு. மைக் ஆனில் இருந்தது.

ஹெட்போனை எடுத்து மாட்டினான். யார்டா நீ என்று கேட்க வாயைத் திறந்தான்.

காதுக்குள் படபடவென்று வெடித்தது. துப்பாக்கி என்றுதான் முதலில் நினைத்தான். அது எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். பின்னாலேயே கரண்டி சட்டியில் உரசியது.

“அக்கா, கேக்குதா?” என்று ஓர் இளவட்டக் குரல் கிசுகிசுத்தது. “அத்தா கடையிலருந்து வர நேரமாவும். வந்தாலும் கேம் ஆடறேன்னு சொல்லிக்கிறேன். அம்மா இங்கதான் நிக்குது.”

பாஸ்கரன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

“அம்மா நிக்குதுன்னெல்லாம் சொல்லாதடா. அவகிட்ட பேசமாட்டேன்னு உங்க அத்தாவுக்கு வாக்கு குடுத்துகிறேன், நான் உன்கிட்டதான் பேசறேன்” என்றது அடுப்புப் பக்கமிருந்து ஒரு பெண்குரல். “அஞ்சாம் மாசத்துல ராத்திரி மல்லாந்து படுக்கக் கூடாது, ஒருக்களிச்சிதான் படுக்கணும், தெரிஞ்சிக்கோ. போனை இன்னும் கொஞ்சம் கிட்டத்துல புடி.”