கிண்டித் தண்ணீர்

செண்பகவல்லிக்குக் காய்ச்சலும் பிதற்றலும் கண்ட மூன்றாம் நாள், "வீட்டம்மா குளம் குட்டையில முங்கிக் குளிச்சாங்களா?" என்று டாக்டர் கேட்டார். "அவளுக்குக் குளம்னாலே பயம்லா" என்றார் அவள் கணவர் சங்கரபாண்டியன். அது உண்மைதான். ஆனால் அவளுடைய பீனிசத் தலைவலிக்கு, யோகா வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, தினமும் காலையில் கிண்டி என்கிற மூக்குச் செம்பால் மூக்கில் உப்புத்தண்ணீர் ஊற்றிவிட்டவர் அவர். காய்ச்சி ஆற்றிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். சிலிண்டர் தீர்ந்துபோன வாரத்தில் தொட்டித் தண்ணீரை அப்படியே ஊற்றினார். "கொதிக்க வெச்சியளா?" என்று அவள் கேட்டபோது ஆமென்று தலையாட்டினார். டாக்டர் கேட்டதற்கு மறுநாள் அந்தக் கிண்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து டாக்டர் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். "நேத்தே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் டாக்டர், திட்டாமல். முதுகுத்தண்டு நீரை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதில், தண்ணீரோடு மூக்கு வழியே மூளைக்கு ஏறிவிடும் அமீபா நகர்ந்துகொண்டிருந்தது. அன்றே மருந்தை மாற்றினார்கள். இதில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றும் சொன்னார்கள். பதினோராம் நாள் அவள் கண்ணைத் திறந்தாள். நர்ஸ் காய்ச்சி ஆற்றிக் கொடுத்த தண்ணீரை அவர் அவள் உதட்டருகே கொண்டுபோனார். அவள் குடிக்கவில்லை. தம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கொதிக்க வெச்சதா?" என்று கேட்டாள். உண்மையாகவே கொதிக்க வைத்த தண்ணீர். அவருக்குத் தலை அசையவில்லை.